1998: தலதா மாளிகையும் 'உயிரே' படமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. ரமழானின் கடைசிப் பத்து. ஸஹர் முடித்து, ஸுபஹ் தொழுதுவிட்டு நம் வீடுகளில் பலரும் சற்றுக் கண்ணயரும் நேரம். காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்களில், வீதித் தடைகளை உடைத்துக்கொண்டு கண்டி ராஜ வீதி வழியாக வந்த ஒரு லொறி, தலதா மாளிகை வாசலில் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையினர். ஒரு குழந்தை உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாளிகையின் முன்பகுதியும் கூரையும் சிதைந்தன. புனித தந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அந்த நாள்? பெப்ரவரி 4 இலங்கையின் சுதந்திரப் பொன்விழா. ஐம்பது ஆண்டு நிறைவின் பிரதான வைபவம் கண்டியில் நடப்பதாக இருந்தது. பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ் பிரதம விருந்தினர். பத்து நாள் இருக்கையில் குண்டு வெடித்தது. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. ஓரிரு நாட்களில் அரசாங்கம் புலிகள் இயக்கத்தைத் தடைசெய்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை. மணிரத்னத்தின் 'தில் சே' என்ற ஹிந்திப் படம் வெளியானது. தமிழில் 'உயிரே'. கதை என்ன? இந்தியாவின் சுதந்திரப் பொன்விழாவுக்காக நிகழ்ச்சி தயாரிக்கப் போகிற ஒரு வானொலிக்காரன். டெல்லியின் குடியரசு தின அணிவகுப்பில், அதாவது ஜனவரி 26இல், தற்கொலைக் குண்டுதாரியாக வெடிக்க அனுப்பப்படுகிற ஒரு பெண். அந்த இருவருக்கும் இடையில் ஒரு காதல்.

பொன்விழா, ஜனவரி மாதம், தற்கொலைக் குண்டு. மணிரத்னம் கண்டியைப் பார்த்துக் கதை எழுதவில்லை. அவர் வைத்த களம் இந்தியாவின் வடகிழக்கு. ஆனாலும் கண்டிப் பக்கத்து மனிதர்களுக்கு அந்தப் படம் வெறும் இந்தியப் படமாக இருக்க நியாயமில்லை. அப்படியிருந்தும் நம் ஊர்களில் அந்தப் படத்திலிருந்து தங்கியது பாட்டுகள்தான். கதை தங்கவில்லை. அதற்கான காரணங்களையும், இருபது வருடம் கழித்து அந்தக் கதை நம் வாசலுக்கே வந்த விதத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று நாம் நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

படத்தைப் பார்க்காத இளையவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அகில இந்திய வானொலியில் வேலை செய்யும் அமர்காந்த் (ஷாருக் கான்) இரவு நேரம் ஒரு புகையிரத நிலையத்தில் போர்வை போர்த்திய ஒரு பெண்ணைக் காண்கிறான் (மனிஷா கொய்ராலா). அவள் தேநீர் கேட்கிறாள். அவன் வாங்கி வருவதற்குள் புகையிரதம் ஏறிப் போய்விடுகிறாள். பிறகு அவளைத் தேடித் தேடிப் போகிறான். அவள் விலகுகிறாள், பொய் சொல்கிறாள், ஆட்களை விட்டு அடிக்கவும் செய்கிறார்கள். அவன் விடுவதாக இல்லை. டெல்லி திரும்பி, வீட்டார் பார்த்த பெண்ணுடன் (பிரீத்தி ஸிந்தா, அவருக்கு அதுதான் முதல் படம்) கல்யாணம் பேசி முடிந்த வேளையில், அந்தப் பெண்ணே அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். வேலை வேண்டும், தங்க இடம் வேண்டும் என்கிறாள். வீட்டார் நல்ல மனதோடு இடம் கொடுக்கிறார்கள். அவள் வந்திருப்பது குடியரசு தினத்துக்காக. கடைசியில் பொலிஸ் அவனையே சந்தேகநபராகப் பிடிக்கிறது. முடிவில் அவளை அவன் கட்டியணைக்க, இருவரும் சேர்ந்தே வெடிக்கிறார்கள். படம் அங்கேயே முடிகிறது.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை ஊர் ஊராகத் துரத்துவதைக் காதல் என்று காட்டுவதில் ஆசிரியர்களாகிய நமக்கு உடன்பாடு இல்லை. பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு அதைப் படிப்பிக்க ஷாருக் கான் தேவையில்லை, அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது! அதை ஒரு பக்கம் வைப்போம்.

இனி, 1998இல் நம் நிலை என்ன என்று பார்ப்போம். மத்திய மலைநாட்டு முஸ்லிம்கள் வீட்டில் தமிழ், கடையில் சிங்களம். பள்ளிக்கூடம் தமிழ் மொழிமூலம். கண்டிச் சோதனைச் சாவடியில் ஆளடையாள அட்டையை நீட்டும்போது பெயர் முஸ்லிம், வாயில் தமிழ். அந்தத் தமிழுக்காக இன்னொரு கேள்வி கேட்பார்கள். மறுபக்கம், அந்தத் தமிழின் பெயரால் போராடியவர்கள் நமக்குச் செய்தது என்ன? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்து முகாம்களில் அந்த மக்கள் எட்டாவது வருடமாக இருந்துகொண்டிருந்த காலத்தில்தான் 'உயிரே' வந்தது.

ஆகவே தற்கொலைக் குண்டுதாரிக்கும் ஒரு சிறுபிராயம் உண்டு, அவளுக்கும் ஒரு கிராமம் இருந்தது, இராணுவம் அங்கே என்ன செய்தது என்று ஒரு படம் சொல்ல வந்தால், அதைக் காதுகொடுத்துக் கேட்கும் மனநிலையில் இங்கே எவரும் இருக்கவில்லை. சிங்களச் சகோதரர்களுக்கு மாளிகையின் இடிபாடு கண்ணில் நின்றது. முஸ்லிம்களுக்குக் காத்தான்குடியும் யாழ்ப்பாணமும். தமிழர்கள் வாய் திறந்து பேச முடியாத நேரம். மிஞ்சியது பாட்டு.

பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹிந்திப் பாட்டு இலங்கையில் நேற்று வந்த விருந்தாளி இல்லை. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்கு இடமில்லாமல் செய்தார். இந்தியர்கள் என்ன செய்தார்கள்? வானொலியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். அந்த வருடக் கடைசியில் இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானி என்ற முஸ்லிம் இளைஞர் பம்பாயில் குரல் பதிவுசெய்து அனுப்ப, கொழும்பிலிருந்து அது இந்தியாவெங்கும் ஒலித்தது. தில்லியில் வானொலி வேலை பார்க்கும் ஒரு கதாநாயகனை மணிரத்னம் படைத்தபோது இதையெல்லாம் நினைத்தாரோ இல்லையோ, நமக்கு நினைக்க உரிமை உண்டு. இந்தியாவுக்கே இந்தியப் பாட்டை ஒலிபரப்பிய நாடு இது.

இங்கேயும் ஹிந்தி மெட்டுகளில் சிங்களப் பாட்டுகள் பிறந்தன. எச்.ஆர். ஜோதிபாலவின் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முகைதீன் பெய்க் என்ற முஸ்லிம் பாடகர் பாடிய பௌத்த பக்திப் பாட்டுகள் இன்றைக்கும் வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன. நம் பகுதி பஸ்களில் சிங்களப் பாட்டு போட்டால் ஒருவர் முகம் பார்ப்பார், தமிழ்ப் பாட்டு போட்டால் இன்னொருவர் முகம் பார்ப்பார். ஹிந்திப் பாட்டுக்கு யாரும் முகம் பார்த்ததில்லை. அது எந்தக் கட்சியிலும் சேராத மொழி. 1998இல் அதற்கு இருந்த பெறுமதியை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கொஞ்சம் கஷ்டம்.

அதிலும் அந்தப் புகையிரதப் பாட்டு. ஹிந்தியில் 'சைய்யா சைய்யா', தமிழில் 'தையா தையா'. ஓடும் புகையிரதத்தின் கூரை மேல் முழுப் பாட்டையும் எடுத்திருக்கிறார்கள். அது நீலகிரி மலைப் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், ஊட்டிக்கு 1908இலும் போடப்பட்டது. ஆங்கிலேயர் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டிய மலைப் பாதைகளில் நம்முடையது அதைவிட மூத்தது. கொழும்பு – கண்டிப் பாதை 1867இல் திறந்துவிட்டது. கடுகண்ணாவை ஏற்றம் 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறுகிறது. அந்தப் பாட்டைப் பார்த்த நம் ஊர்க்காரர்கள் 'இது நம்ம பலனப் பக்கம் மாதிரியே' என்று சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். இன்று புகையிரத நூதனசாலையும் நம் ஊரில்தான் இருக்கிறது, 2014 டிசம்பரில் திறந்தார்கள். (சினிமாவில் நம் ஊர்ப் பெயரே உண்டு என்பது தெரியுமா? எம்.டி. வாசுதேவன் நாயரின் ஒரு மலையாளக் கதைக்குத் தலைப்பு 'கடுகண்ணாவ: ஒரு யாத்ரா குறிப்பு'. மம்முட்டி நடிக்க 2024இல் அது படமாகவும் வந்தது.)

ஆனால் 1998இல் இந்த நாட்டில் கோச்சி ஏறுவது கூரையில் ஆடுகிற காரியமாக இருக்கவில்லை. 1996 ஜூலை 24இல் தெஹிவளையில் புகையிரதத்தில் வைத்த குண்டுகளுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாகி இரண்டே வருடம். இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்த காலம். உரிமையாளர் இல்லாத பையைக் கண்டால் பெட்டியே காலியாகிவிடும். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பாட்டு வந்து, புகையிரதத்தைச் சந்தோஷமாகப் பார்க்கச் சொன்னது. அதை எல்லோரும் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தப் பாட்டின் வேர் இன்னும் ஆழம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சாபின் சூஃபிக் கவிஞர் புல்லே ஷா. இறைகாதல் தன்னை ஆட்டுவிக்கிறது என்று அவர் பாடியதில் வரும் தாளச் சொல்தான் 'தைய்யா தைய்யா'. குல்ஸார் அதை ஹிந்திக்காகக் கொஞ்சம் மாற்றினார். தமிழில் வைரமுத்து எழுதியபோது பழைய தாளச் சொல் திரும்பி வந்துவிட்டது. ஆகவே ராதிப் மஜ்லிஸிலும், தப்தர் ஜெய்லானியில் பக்கீர் பாவாக்களின் றபானிலும் நம் மூத்தவர்கள் கேட்ட அதே உணர்வின் ஒரு கிளைதான் பஸ்ஸில் ஒலித்தது.

காதலுக்கு ஏழு படிகள் என்று அரபு இலக்கிய மரபில் ஒரு கணக்கு உண்டு. படம் அந்த ஏழையும் பின்பற்றிப் போகிறது. ஈர்ப்பு, பற்று, இஷ்க் என்கிற காதல், பக்தி, இபாதத் என்கிற வணக்கம், ஜுனூன் என்கிற பித்து, கடைசியில் மவ்த். லடாக்கில் எடுத்த ஒரு பாட்டில் இந்தப் படிகளையே ஆடிக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டு ரசிகர் இந்தச் சொற்களைப் பார்த்தால் அகராதி தேடுவார். நம் வீட்டில் இபாதத் என்பதும் மவ்த் என்பதும் உம்மா தினமும் சொல்லும் சொற்கள். அதே காரணத்தால் நமக்கு ஒரு சங்கடமும் உண்டு. ஒரு மனிதரைக் காதலிப்பதற்கு இபாதத் என்ற சொல்லை எடுப்பதில் மார்க்க அடிப்படையில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கும். அதைப் பின்னூட்டத்தில் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் சண்டை பிடிக்காதீர்கள். நாம் கவனிப்பது வேறொன்று. காதலிப்பவனுக்கு ஏழாவது படி மவ்த் என்று படம் சொல்கிறது. குண்டு கட்டியவளுக்கும் முடிவு மவ்த். இரண்டையும் ஒரே அணைப்பில் வைத்துவிட்டு அது அழகு என்று காட்டுகிறார் இயக்குநர். ரஹ்மானின் இசையும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் (அதற்குத் தேசிய விருது கிடைத்தது) அந்த அழகை நம்பவைத்துவிடுகின்றன. உண்மையான குண்டுவெடிப்பு ஒன்றைக் கண்ட எந்த ஊருக்கும் அது அழகாக இராது. தலதா மாளிகை முன்றலில் அன்று காலை அழகு எதுவும் இல்லை.

இருந்தாலும், அந்தப் பெண்ணின் கதையை மணிரத்னம் தட்டிக்கழிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சிறுமியாக இருந்தபோது இராணுவத்தினரால் சீரழிக்கப்பட்டவள், குடும்பத்தை இழந்தவள். பேச்சுக் குறைவு, படம் முழுக்க அவள் முகம்தான் பேசுகிறது. இந்தியாவில் படம் சரியாக ஓடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளிநாடுகளில்தான் நன்றாக ஓடியது. பிரித்தானியாவில் முதல் பத்துப் படங்களின் வரிசைக்குள் போனது. அகதிகளாகப் போன தமிழர்களும் பாகிஸ்தானியரும் பஞ்சாபியரும் ஒரே தெருவில் வாழும் நாடு அது.

பெண்ணைக் குண்டுதாரியாகக் காட்ட மணிரத்னம் கற்பனை செய்யவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு மாலை போட வந்த பெண்ணைத் தமிழ்நாடு மறந்திருக்கவில்லை. அந்தப் பெண் எங்களுடைய நாட்டிலிருந்து போனவள். 'தில் சே' படத்தின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனே அதே காலத்தில் 'தி டெரரிஸ்ட்' என்று ஒரு சிறிய தமிழ்ப் படம் எடுத்தார். ஆயிஷா தார்க்கர் நடித்த மல்லி என்ற பெண், ஒரு தலைவரைக் கொல்ல அனுப்பப்பட்ட நாட்களில் தான் கர்ப்பமாயிருப்பதை உணர்கிறாள். பாட்டில்லை, புகையிரத நடனமில்லை. அதனால் நம் ஊர்களில் அதைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டால், நமக்கு அதுதான்.

மணிரத்னத்தின் மற்றப் படங்களோடு வைத்துப் பார்த்தால் 'உயிரே' எங்கே நிற்கிறது என்று தெரியும். 1992இல் 'ரோஜா'. முந்தின வருடம் காஷ்மீரில் இந்தியன் ஒயில் அதிகாரி ஒருவர் கடத்தப்பட்ட செய்தியிலிருந்து எழுந்த படம். அதில் தீவிரவாதி தொழுவான், தொழுதுவிட்டுக் கொடியை எரிப்பான். தொழுகையும் துப்பாக்கியும் ஒரே சட்டகத்தில் வந்தது அங்கேதான் பெரிய அளவில் தொடங்கியது. ரஹ்மானின் முதல் படம் என்பதால் நாமெல்லாம் பாட்டை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். 1995இல் 'பம்பாய்', பாபர் பள்ளிவாசல் இடிப்புக்குப் பின்னான கலவரத்தைப் பற்றியது. அதற்காக இயக்குநரின் வீட்டில் குண்டு வீசினார்கள். மூன்றாவது 'தில் சே'. இதில் குண்டுதாரியின் மதம் முக்கியமில்லை. மூன்றிலும் தீவிரவாதியை மனிதராக அதிகம் பார்த்தது இந்தப் படம்தான்.

2001 செப்டம்பருக்குப் பிறகு ஹிந்திப் படங்களில் அந்த இடம் சுருங்கிப்போனது. 2006இல் ஆமிர் கானும் கஜோலும் நடித்த 'ஃபனா'. சூஃபிகள் இறைவனில் தன்னை இழப்பதற்குச் சொல்லும் சொல்லை எடுத்து, அழிக்க வந்த ஒரு காதலனின் கதைக்குத் தலைப்பாக்கினார்கள். 2009இல் 'குர்பான்' வந்தது, அன்பான முஸ்லிம் கணவனே பயங்கரவாதி. குர்பான் என்றால் நமக்கு ஹஜ்ஜுப் பெருநாள். ஒவ்வொன்றாக நம் சொற்கள் போஸ்டருக்குப் போய்த் திரும்பி வரும்போது வேறு பொருளோடு வந்தன. 2010இல் அதே ஷாருக் கான், தன் பெயருக்காகவே அமெரிக்காவில் சந்தேகிக்கப்படும் ஒருவராக 'மை நேம் இஸ் கான்' படத்தில் நடிக்கவேண்டி வந்தது. 'தில் சே'யில் அவர் வானொலிக்காரர், இந்துப் பெயர், பெண்ணால் சந்தேகத்துக்குள் வந்தவர். பன்னிரண்டு வருடத்தில் சந்தேகம் அவருடைய சொந்தப் பெயருக்கே வந்து சேர்ந்தது.

பிறகு நம் முறை.

2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இதே முகநூலைச் சில நாட்கள் மூடியது. அந்த டிசம்பரில் மலையிறங்கினால் வரும் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2001 மே மாதக் கலவரத்தில் எரிந்த ஊர் அது. சிலைகளை உடைத்தவர்கள் நம்மவர் பிள்ளைகள் என்று தெரிந்தபோது ஏற்பட்ட திகைப்பை இங்கு வாசிப்பவர்கள் மறந்திருக்க முடியாது. அந்த விசாரணை வழியாகத்தான் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. விசாரணைக்கு உதவிய மாவனல்லைச் சகோதரர் ஒருவர் மார்ச் மாதம் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கையில் தலையில் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். உடல் பழைய நிலைக்கு வரவில்லை. முஸ்லிம்கள் எதுவும் சொல்லவில்லை, மறைத்தார்கள் என்று பேசுகிறவர்களுக்குச் சொல்ல அந்த ஒரு மனிதர் போதும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அன்று பிற்பகல் தெமட்டகொடையில் ஒரு வீட்டைப் பொலிஸார் சோதிக்கப் போனபோது, உள்ளே இருந்த கர்ப்பிணித் தாய் தன் பிள்ளைகளோடு குண்டை வெடிக்கவைத்தாள். மூன்று பொலிஸ் அதிகாரிகளும் இறந்தார்கள்.

அந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டபோது 'உயிரே' சொன்ன காரணம் உதவவில்லை. சீரழிக்கப்பட்ட சிறுபிராயம் இல்லை, எரிந்த கிராமம் இல்லை. வசதியான வர்த்தகக் குடும்பம், படித்த பிள்ளைகள், பெரிய வீடு. மல்லிக்கு வயிற்றில் ஒரு குழந்தை இருப்பது தெரிந்ததும் கை தயங்குகிறது. இங்கே கை தயங்கவில்லை. பிந்திய ஹிந்திப் படங்கள் சொல்லும் காரணமும் உதவவில்லை. தொழுகையும் தாடியும்தான் குண்டை உண்டாக்குகின்றன என்றால் நம் ஊரில் ஐந்து நேரமும் பள்ளிக்கு வரும் மூத்தவர்கள் எல்லோரும் யார்? ஸஹ்ரானின் கூட்டம் முதலில் தாக்கியது யாரை? 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி வழியிலுள்ள முஸ்லிம்களை. புல்லே ஷாவின் பாட்டை ஹராம் என்று சொல்வதில் தொடங்கிய கோபம் எங்கே போய் முடிந்தது என்று ஆராய, சினிமாவை விட நம் சொந்த மத்ரஸாக்களையும் வகுப்பறைகளையும் வட்ஸ்அப் குழுமங்களையும் பார்ப்பது நல்லது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

'உயிரே'யில் 2019க்குப் பின் நமக்கு உறைத்தது வேறொரு பகுதி. பொலிஸ் அமர்காந்தைப் பிடித்து விசாரிக்கும் இடம். அவன் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவள் உன் வீட்டில்தானே இருந்தாள், உனக்குத் தெரியாமலா என்பார்கள். இந்தக் கேள்வியை 2019 ஏப்ரலுக்குப் பிறகு எத்தனை பேர் நம்மிடம் கேட்டார்கள்! பஸ்ஸில், வங்கியில், பாடசாலை வாசலில், பல வருடம் பழகிய சிநேகிதர் வாயில். ஹசலக்கையில் ஒரு சகோதரியின் உடையில் கப்பல் சுக்கானின் படம் இருந்தது. அது தர்மச் சக்கரம் போலிருக்கிறது என்று அவரைக் கைதுசெய்து வாரக்கணக்கில் தடுத்துவைத்தார்கள். முகத்தை மூடுவதற்கு ஏப்ரல் கடைசியில் தடை வந்தது. ரமழான் பிறந்து ஒரு வாரத்தில், மே 12, 13இல், குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் நோன்பாளிகள் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

படத்தில் அமரின் உம்மா இருக்கிறாள். தன் வீட்டில் ஓர் அந்நியப் பெண்ணுக்கு இடம் கொடுத்து, கல்யாண வீட்டு வேலைகளுக்கு நடுவில் சோறும் போட்டவள். பிரீத்தி இருக்கிறாள், மாப்பிள்ளை பேசி நிச்சயமான பெண். குண்டு வெடித்ததும் திரை இருளாகிறது, அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுநாள் அந்த வீட்டுக்குப் பொலிஸ் வந்திருக்கும், அலுமாரிகளைக் கொட்டியிருப்பார்கள், அயலவர் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். அந்த உம்மா மகனின் ஜனாஸாவைக்கூட முழுதாகக் கண்டிருக்க மாட்டாள். மணிரத்னத்துக்கு அங்கே படம் முடிகிறது. மலைநாட்டு முஸ்லிம்களின் கதை 2019இல் அந்த வீட்டிலிருந்துதான் தொடங்கியது. அலுமாரி கொட்டப்பட்ட வீடுகள் எத்தனை, குர்ஆன் தவிர்ந்த அரபுக் கிதாபுகளைப் பயத்தில் எரித்த வீடுகள் எத்தனை என்று நம் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. யாரும் இன்னும் எழுதவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் கணக்கும், 1998க்குப் பிறகு கண்டிச் சாவடிகளில் மணிக்கணக்காக நின்ற தோட்டத்து இளைஞர்களின் கணக்கும் அப்படித்தான் எழுதப்படாமல் கிடக்கின்றன. மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். நம் பாடசாலை மாணவர்களிடம் இதை ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். பெற்றோர் சம்மதித்தால் அடுத்த தவணையில் தொடங்கலாம்.

தலதா மாளிகையைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். குண்டில் சுவர்ச் சாந்து உதிர்ந்தபோது, அதற்குக் கீழே பழைய ஓவியங்கள் தெரிந்தன. ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசப்பட்ட அடுக்குகள். இருக்கிறது என்றே எவருக்கும் தெரியாதவை. 1999இல் திருத்த வேலைகள் முடிந்து மாளிகை மீண்டது. மாளிகைக்கு முன்னால் லொறி வந்த வீதி மட்டும் அதன்பின் வாகனங்களுக்குத் திறக்கப்படவில்லை. கண்டியில் வாகன நெரிசல் என்று பேச்சு வரும்போதெல்லாம் அதைத் திறப்போமா வேண்டாமா என்று ஒரு விவாதம் வரும், அடங்கும். போன தவணைக் கல்விச் சுற்றுலாவில், 2010இல் பிறந்த ஒரு மாணவி பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "சேர், மாளிகை அந்தா இருக்கு, ஏன் நாம குளத்தைச் சுத்திப் போறம்?"